நாலரை லிட்டர் கமோட்

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, நான்காம் குறுக்குத் தெரு பதினோராம் எண் வீட்டின் கீழ்த்தளக் கழிப்பறையிலிருந்து, ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர் தண்ணீரை இறக்கும் பழைய கமோட் பெயர்த்தெடுக்கப்பட்டது.

அந்த வீட்டுக்காரரைத் தெருவில் துளி சார் என்பார்கள். குடிநீர் அலுவலகத்தின் விளம்பரப் பிரிவில் முப்பது வருடம் இருந்து, 'ஒவ்வொரு துளியும்' என்று தொடங்கும் சுவரொட்டிகளைத் தயாரித்து ஓய்வு பெற்றவர். ஒரு குழாயைக்கூடக் கழற்றி மாட்டிய பழக்கமில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால், தான் அந்த டிபார்ட்மென்ட்டில் இருந்தவன் என்று சொல்லிப் பேச்சை முடித்துவைப்பார். கார் கழுவுகிறவர்களையும் செடிக்கு ஊற்றுகிறவர்களையும் நிற்க வைத்துப் பாடம் நடத்துவார். அவர் நடைப்பயிற்சி முடித்து வீட்டுக்குள் போன பிறகுதான் தெருவில் பலர் வாசல் குழாயைத் திறந்தார்கள்.

கமோட்டை மாற்ற வேண்டி வந்தது அவர் மனைவியின் முழங்காலால். அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்த அவர், வெள்ளிக்கிழமை வீடு திரும்புவதாக இருந்தது. தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து எழக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் வந்து தங்கட்டுமா, நர்ஸ் வைக்கலாமா என்று கேட்டதற்கெல்லாம் அவரிடமிருந்து வந்தது ஒரே பதில்.

"எனக்கு யாரும் வேணாம். கதவச் சாத்திக்கிட்டு நானா போயிட்டு நானா வரணும். அதுக்கு மட்டும் வழி பண்ணுங்க."

கொஞ்சம் உயரமான கமோட் இருந்தால் போதும். துளி சாருக்கு அது போதவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் அடுத்த மாதம் அவர் பேசவிருந்தார். பேச்சுக்கு ஒரு முன்மாதிரி தேவைப்பட்டது. மனைவியின் முழங்கால் நல்ல நேரத்தில் கைகொடுத்தது. தொட்டியின் மேல் இரண்டு பொத்தான் வைத்த புது மாடல் வந்து இறங்கியது. சின்னதை அழுத்தினால் மூன்று லிட்டர், பெரியதை அழுத்தினால் நாலரை.

பிளம்பர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் கேட்டருகே இருந்த கழிவுநீர்ச் சேம்பரின் மூடியைத் திறந்தார். கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, குனிந்து காத்திருந்தார். தண்ணீர் ஆடி அசைந்து வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் கார் ஷெட் கட்டியபோது, நேராக ஓடிய கழிவுக் குழாயை அதைச் சுற்றித் திருப்பியிருந்தார்கள். தன் கார் நிற்கும் தரைக்கடியில் கழிவு ஓடக்கூடாது என்பது துளி சாரின் உத்தரவு. இருபதடி நாற்பதடி ஆனது, இரண்டு வளைவு சேர்ந்தது, தண்ணீர் தானாக ஓடுவதற்கான சரிவு வாட்டம் போயிற்று.

"கோப்பை காலியாயிடும் சார், குழாய் காலியாகாது. பழசு பத்து லிட்டர்ல பின்னாடியே தள்ளிட்டுப் போச்சு. இதுக்கு அவ்ளோ மூச்சு கிடையாது. ஷெட்டு தரையை உடைச்சு நேர் லைன் போட்டுட்டு இதை வைங்க."

"நான் அந்த டிபார்ட்மென்ட்ல இருந்தவன்பா."

"தெரியும் சார். போஸ்டர் பார்த்திருக்கேன்."

பிளம்பர் ரசமட்டம் வைத்து, கமோட்டை அசையாமல் உட்கார வைத்து, வெள்ளைச் சிமென்ட் பூசிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை துளி சார் அக்கம்பக்கத்தார் ஆறு பேரை வரவழைத்தார். ஆறு பேரும் நடைவழியில் வரிசையாக நின்று கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது காகித உருண்டைகளைப் போட்டுச் சின்னப் பொத்தானை அழுத்தினார். ஒன்பதும் மறைந்தன. சங்கச் செயலாளர் கைதட்டினார். யாரோ படம் பிடித்தார்கள். காகிதம் சாப்பிடுகிற வீடாக இருந்தால் கவலையே இல்லை என்று எதிர்வீட்டுக்காரர் முணுமுணுத்தது துளி சாரின் காதில் விழவில்லை, அல்லது அவர் விழவிடவில்லை.

வெள்ளிக்கிழமை மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நான்கு நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்தாம் நாள் காலையில் கமோட்டில் தண்ணீர் இறங்காமல் விளிம்புவரை ஏறி நின்றது. குளிக்கும் இடத்து வடிகால் களகளவென்று சத்தம் போட்டது. பிளம்பர் வந்து கம்பி விட்டு அடைப்பை எடுத்தார். என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டதால் மறுபடி சொல்லவில்லை.

துளி சார் தீர்வு கண்டுபிடித்தார். 'பயன்படுத்திய பின் ஒரு வாளி நீர் ஊற்றவும்' என்று அழகான எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினார். நாலரையும் வாளியின் பத்தும் பதினாலரை. பழைய கமோட் இதைவிடச் சிக்கனம்.

இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்தால்தான் நிற்க முடியும் என்ற நிலையில் இருப்பவர் வாளியைத் தூக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் மனைவி குரல் கொடுக்க வேண்டும். துளி சார் வாளியோடு வந்து கதவுக்கு வெளியே நிற்பார், ஆயிற்றா என்று கேட்பார், உள்ளே வருவார், ஊற்றுவார், ஊற்றும் முறையையும் விளக்குவார். அந்த வீட்டில் உண்மையிலேயே தண்ணீரை மிச்சப்படுத்தியது மனைவி ஒருவர்தான். குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண், எழுந்து நின்றவருக்குத் தலை சுற்றுவதையும் உதடு வெடித்திருப்பதையும் கவனித்தாள். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டாள்.

"குடிச்சா போகணும். போனா அவரைக் கூப்பிடணும்மா."

அன்று மாலை ஷெட் தரையை உடைக்கும்படி மனைவி கேட்டார். துளி சார் சிரித்தார். அந்த டிசைன் டைல்ஸ் இப்போது எங்குமே கிடைக்காது என்றார். சங்கப் பேச்சு இருக்கும்போது வீட்டு வாசலைத் தோண்டிப் போட்டால் நான்கு பேர் என்ன நினைப்பார்கள் என்றார்.

"இன்னும் ஒரு மாசம்தானே? நான்தானே ஊத்துறேன். எனக்கென்ன கஷ்டம்?"

"கஷ்டம் உங்களுக்குன்னு யாருங்க சொன்னா?"

மறுநாள் காலை மனைவி தன் தம்பிக்குப் போன் செய்தார். தம்பி கேள்வி கேட்கும் ரகமல்ல. அரை மணி நேரத்தில் காரோடு வந்து நின்றார். எப்போது திரும்பி வருவாய் என்று துளி சார் வாசலில் வைத்துக் கேட்டார்.

"அந்தத் தரையை எப்ப உடைக்கிறீங்களோ, அப்ப."

நான்கு நாள் துளி சார் வீம்பாக இருந்தார். மகள் போன் செய்தபோது, அம்மா ஓய்வுக்காகப் போயிருக்கிறாள் என்றார். ஐந்தாம் நாள் கமோட் மறுபடி அடைத்துக்கொண்டது. இம்முறை அதில் உட்கார்ந்தவரும் வாளிக்கு ஓடியவரும் அவரே. வேறு வழியில்லாமல் பிளம்பரைக் கூப்பிட்டார். பழைய மேஸ்திரி அந்தக் காலத்திலேயே தப்பு செய்துவிட்டான், தனக்கு அப்போதே சந்தேகம்தான் என்று சொன்னார். பிளம்பர் "ஆமா சார்" என்றார்.

ஏப்ரல் ஆறாம் தேதி, திங்கட்கிழமை, ஷெட் தரை உடைக்கப்பட்டது. துளி சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கழிவுக் குழாய்க்கு வாட்டம் எவ்வளவு முக்கியம் என்று பிளம்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வேலை மூன்று நாள் நடந்தது. ஒன்பதாம் தேதி மாலை அவர் மனைவி வீடு திரும்பினார்.