கம்பத்தோடு சுற்றிய பெல்ட்

முப்பதடிக் கம்பத்தின் உச்சியில் இருந்தபோது முதல் இடி கேட்டது. செந்தமிழ்ச்செல்வி வானத்தைப் பார்த்தாள். கல்வராயன் மலையின் அந்த ஊரில் போனுக்கு டவர் எடுக்காது. துணை சுகாதார நிலையத்துக்கு வைஃபை வந்தால்தான் நர்ஸ் இசைவாணி ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியும். உச்சியில் பொருத்திய வைஃபை பெட்டிக்கு இரண்டு ஆன்டெனா, இதுவரை ஒன்றுதான் மாட்டியிருந்தாள்.

“அக்கா, மானம் கருத்துகினு வருது. எறங்கிடுங்க,” என்று கீழிருந்து இசைவாணி கூப்பிட்டாள்.

“தோ, ரெண்டே நிமிசம்மா.”

இரண்டாவது ஆன்டெனாவின் ஒயரைப் பெட்டியில் திருகி முடுக்கினாள். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினாள். சுற்றியதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும் டேப் அது. அப்புறம் பிரிக்கக் கத்தி வேண்டும். கத்தியோ கீழே பையில் கிடந்தது. பயத்தில் கண் வானத்திலேயே இருக்க, கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. இறங்கப்போகும்போதுதான் பார்த்தாள். இடுப்பு பெல்ட்டின் கயிற்றையும் ஒயரோடு சேர்த்துக் கம்பத்தில் சுற்றி வைத்திருந்தாள், மகராசி.

மின்னல் எதிர்மலையில் இறங்கியது. பெல்ட்டைக் கழற்றி விட்டுவிட்டு இறங்கலாம். ஆனால் கை கொக்கிப் பக்கமே போக மறுத்தது. அவள் கணவன் தமிழழகன் இதே வேலையில், பெல்ட் போடாமல் ஏறித்தான் விழுந்து செத்தான். அவள் இந்த வேலைக்குக் கிளம்பிய அன்று மகள் அபிநயா, தன் தலையில் அம்மாவைக் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள்: “தரைல கால் வச்சாதான் பெல்ட்ட கழட்டணும்.” பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை எந்தத் தாய் மீறுவாள்?

அடுத்த இடியில் கம்பமே அதிர்ந்தது. இங்கேயே கருகிப்போனால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

“எது வந்தாலும் எனக்கு வரட்டும் சாமி. அவள ஒண்ணும் பண்ணிடாத,” என்று முனகிக்கொண்டே கொக்கியை விடுவித்து இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றினாள். கம்பத்தின் இரும்புப் படிகளில் இறங்கத் தொடங்கினாள். பாதியில் ஒரு படி வழுக்க, கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினாள்.

மழை ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்து இசைவாணி சுவிட்சைப் போட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த நிமிடம் செல்வியின் போன் ஒலித்தது. நைனார்பாளையத்திலிருந்து அபிநயா எப்போதோ அனுப்பிய செய்தி: “எம்மா, இங்க இடி இடிக்குது. பெல்ட்டு போட்டுகினு தான இருக்க?”

ஈரம் சொட்டச் சொட்ட உச்சியில் ஆடிக்கொண்டிருந்த பெல்ட்டை அவள் அண்ணாந்து பார்த்தாள். பதிலை மூன்று முறை அடித்து அழித்தாள். கடைசியில், “தரைலதான் நின்னுகினு இருக்கறன்” என்று மட்டும் அனுப்பினாள்.