மூத்தவள் நீட்டிய தட்டு

"தட்ட உன் கையாலதாண்டி நீட்டணும். மூத்தவ மனசாரக் குடுத்தாதான் வர்றவ வவுத்துல ஒரு புழு பூச்சி தங்கும்," என்றாள் கோமளவல்லி, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே.

தமயந்தி தட்டைத் துடைத்தாள். பாக்கை எடுத்து வைத்தாள்.

கோமளவல்லிக்கு அவள் மருமகள் மட்டுமல்ல, கூடப்பிறந்த அண்ணன் மகள். உறவு விட்டுப்போகக் கூடாதென்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் அழுது கேட்டு மகன் நாகேந்திரனுக்குக் கட்டிவைத்ததும் இதே அத்தைதான். இன்று ஆர்.கே.பேட்டையிலிருந்து அவனுக்கு இரண்டாம் தாரமாகப் பார்த்திருக்கும் பெண்ணின் தாய் ஞானம்மாள் பேசி முடிக்க வருகிறாள். இதைத் தடுக்கச் சட்டம் ஒன்று இருக்கிறதுதான். அது மெட்ராஸில் ரயிலேறி அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டது போலும்.

பிள்ளை இல்லாத குறை யாரிடம் என்பதில் தெருவில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? நாகேந்திரன் எண்பத்திரண்டாம் வருஷத்துத் 'தணிகை ஆணழகன்'. எண்ணெய் பூசி, ஜட்டியோடு அவன் நிற்கும் படம் கூடத்தில் முருகன் படத்தைவிட ஒரு சாண் பெரியதாகத் தொங்கியது. ஆணழகர் முன்னேற்றச் சங்கத் தலைவர் கஜபதி மேடைதோறும் அவனைத் 'தொண்டை மண்டலத்தின் தோள்' என்பார். தலைவருக்குத் தோள் இருக்கவேண்டிய இடத்தில் சால்வை இருந்தது.

அப்பேர்ப்பட்ட தோளுக்குப் பிள்ளை இல்லையென்றால் பெண்டாட்டியைத்தானே கேட்க வேண்டும்? தமயந்தி கிருத்திகைதோறும் பால்குடத்தோடு தணிகை மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினாள். தோள் காரில் மேலே வந்து சேரும். படியேறினால் அதற்கு மூச்சு வாங்கும்.

தோள் வளர்ந்தது ஊசியால். கஜபதி சிபாரிசு செய்த கம்பவுண்டர் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கே வந்து போடும் 'சத்து ஊசி'. கோமளவல்லி ஒவ்வொரு குப்பியையும் முருகன் காலடியில் வைத்து, விபூதி பூசித்தான் கொடுப்பாள். காலிக் குப்பியையும் எறிய மாட்டாள். சாமி காலடியில் இருந்தது குப்பைக்குப் போகலாமா? பூஜை அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் அதனால் நிறைந்திருந்தது. ஒரே சாமியிடம் இரண்டு மனு: மகனுக்குத் தோள், மகனுக்குப் பிள்ளை. ஒன்று மற்றதைத் தின்றுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

போன மாதம் தமயந்தி ஒரு குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு அரக்கோணத்து லேடி டாக்டரிடம் போனாள். அவளைச் சோதித்து, ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். குப்பியின் லேபிளைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எவ்ளோ நாளா போட்டுக்கறாரு?"

"ஆறு வருஷமா, டாக்டரம்மா."

"ஆம்பளைக்கு உள்ள சுரக்கறத ஊசியா வெளியிலேர்ந்து ஏத்தினா, உள்ள இருக்கறது வேலைய நிறுத்திடும்மா. விதை சுருங்கிடும். கொழந்தைக்கு உயிரணு இருக்காது. முதுகுல கட்டி, தொட்டதுக்கெல்லாம் கோவம், பிரஷர்... இருக்கா?"

எல்லாம் இருந்தது.

"நிறுத்தினா பெரும்பாலும் சரியாகும். மாசக்கணக்காகும், வருஷம்கூட ஆகலாம். சோதிச்சுப் பாத்துடலாம், கூட்டிட்டு வா."

நாகேந்திரன் வரவில்லை. "ஆம்பளையப் போயி சோதிக்கறதா?" என்று எவர்சில்வர் சொம்பை ஒரே கையால் நசுக்கினான். சொம்போடு பேச்சும் முடிந்தது.

பதினோரு மணிக்கு ஞானம்மாள் வந்தாள். நடுவில் கஜபதி சால்வையோடு உட்கார்ந்தார். "புள்ள சிங்கம்மா," என்றார். சிங்கம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

"தட்டக் கொண்டாடி."

தமயந்தி தன் கையாலேயே நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள். நடுவில் குவியலாகக் காலிக் குப்பிகள், விபூதிக் கீற்றோடு.

"இன்னாம்மா இது?" என்றாள் ஞானம்மாள்.

"சிங்கம் வளந்த கதைங்க. வாரத்துக்கு ஒண்ணு. இத்தப் போட்டா தோள் வரும், கொழந்த வராதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. சோதிக்கக் கூப்ட்டா வர மாட்டேங்கறாரு. உங்க பொண்ணும் அஞ்சு வருஷம் பால்கொடம் தூக்கட்டும்னா வெத்தல எடுத்துக்குங்க."

"ஃபாரின் சத்தும்மா அது," என்று கஜபதி சால்வையைச் சரிசெய்தார். "பொம்பளைங்களுக்கு இன்னா தெரியும்?"

ஞானம்மாள் ஒரு குப்பியை உருட்டிப் பார்த்தாள். "அவ்ளோ சத்துன்னா நீங்க போட்டுக்கினீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா? எனக்குத்தான் நாலு புள்ளைங்க கீதே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஞானம்மாள் குப்பியைத் தட்டில் வைத்துவிட்டு, வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனாள்.

"எங்குடியக் கெடுத்துட்டியேடி," என்றாள் கோமளவல்லி.

"நீ வேண்டிக்கினது ரெண்டு, அத்த. தோளு வந்துட்டுது. இன்னொண்ணு வேணும்னா இனிமே ஏற வேண்டியது உன் புள்ள. ஊசி கெடையாது. கேவுருக் களி, முட்ட, வேர்க்கடல, நெதம் மலப்படி. முடியாதுன்னா சொல்லிடுங்க. எங்க நைனா வூட்ல ஒரு தறி காலியாத்தான் கீது, நான் போயி நெய்யறேன்."

நாகேந்திரன் சொம்பைத் தேடவில்லை. அம்மாவைப் பார்த்தான், அவள் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிருத்திகைக்குப் பால்குடம் அவன் தலையில் இருந்தது. நாற்பதாம் படியில் தோள் உட்கார்ந்துவிட்டது. இறங்கி வந்த தெருக்காரி வரலட்சுமி உருகிப்போனாள். "மலடிக்காகப் புருஷன் படியேறான் பாரு. தங்கமான மனுசன்."

தமயந்தி நின்றாள்.

"எனக்காக இல்லக்கா. கொற அவருது. அவருதான் ஏறணும்," என்றாள், நாலு படி கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி. பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "இன்னும் முந்நூத்தி இருவத்தஞ்சு கீது, பாவா," என்று சொல்லிவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு மேலே நடந்தாள்.