ஆறாம் தலைமுறை டேப்

"பாட்டு வராத டேப்ப எதுக்குப்பா பூட்டி வெச்சிருக்கீங்க?"

மகள் இளமதி நாலு வயதில் கேட்டது. அறிவழகன் சிரித்துக்கொண்டே, "யாரு என்னிக்கு வேலைக்கு வந்தாங்கன்னு அது மறக்காது பாப்பா" என்று சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை காலை, கடலூர் தொழிற்பேட்டை ரசாயன ஆலையின் சர்வர் அறையில், கம்ப்யூட்டர் பதிவுகளைச் சேமிக்கும் புதிய டேப் பெட்டி தன் வாயில் வைத்த பழைய டேப்பை மூன்றாவது முறையாகத் துப்பியபோது அந்தப் பதில் நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் பழைய பெட்டி நின்றது. நெஞ்சுயரம். டேப்பை எடுத்து வைக்கும் இரும்புக் கை வாரத்துக்கு இருமுறை சிக்கிக்கொள்ளும். ஸ்கேல் வைத்து நெம்ப வேண்டும். புதியது சூட்கேஸ் அளவுதான். பழைய டேப் ஐந்தில் அடங்குவது இதன் ஒரே டேப்பில் அடங்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் போன மாதம் அறிக்கை எழுதியவன் அறிவழகனே. கொள்ளளவு, வேகம், மின்சாரம், எல்லாம் புத்தகம் பார்த்து எழுதினான். ஒரு வரியை மட்டும் பழக்கத்தில் எழுதிவிட்டான்: 'இரண்டு தலைமுறை முந்தைய டேப்பையும் படிக்கும்.' ஐந்தும் ஆறும் ஏழும் அப்படித்தான் படித்தன. எட்டாம் தலைமுறையான இந்தப் புதியது தனக்கு ஒரு தலைமுறை முந்தையதை மட்டுமே படிக்கும். ஆலையின் பழைய பதிவுகளெல்லாம் ஆறில் இருந்தன. அந்த வரியை நம்பித்தான் பழைய பெட்டியைக் காயலான் கடைக்கு விற்றிருந்தார்கள். திங்கட்கிழமை காலை வண்டி வரும்.

மேலாளர் சிலம்பரசனிடம் போய்த் தன் தப்பைச் சொன்னான்.

"பதினோரு வருசமா இதே ரூம்ல ஏசி காத்து வாங்குற. இது தெரியலயா?"

"என் தப்புதான் சார். நாளைக்கு வந்து எல்லாத்தையும் புதுசுல ஏத்திடறேன்."

"ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் கெடையாது."

"வேணாம் சார்."

சிலம்பரசன் பழைய டேப்களின் பட்டியலில், ஏற்ற வேண்டியவற்றுக்கு டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு வரியில் பேனா நின்றது. காண்டிராக்ட் ஆட்களின் கேட் வருகைப்பதிவு, 2014 முதல் 2016 வரை.

"இத வுட்டுடு."

"லேபர் கோர்ட்டுல கேட்டிருக்காங்களே சார்..."

"படிக்க முடியலன்னு எழுதிட்டாப் போவுது. ஒரு வெதத்துல நீ செஞ்ச தப்பு நல்லதாப் போச்சு."

மத்தியானம் கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் ராமாமிர்தம் உட்கார்ந்திருந்தார். ஆலையில் காண்டிராக்டில் பவுடர் மூட்டை இறக்கிய ஆள். இருமல் முற்றியதும் நிறுத்திவிட்டார்கள். இப்போது லேபர் கோர்ட்டில், இவர் எங்களிடம் வேலையே பார்த்ததில்லை என்கிறது நிர்வாகம்.

"வா மாப்ள. என்னா மொகம் வாடிக் கெடக்கு? ஊட்ல தங்கச்சி சோறு போடலியா?"

"நீங்க ஏன் மாமா வெயில்ல வந்தீங்க?"

"திங்கக்கெழம பதில் குடுக்குறாங்களாம். தெனம் கேட்டுல கார்டு தேச்சனே, அது எங்கியாவது இருக்கும் இல்ல?" இருமல் வந்து பேச்சை நிறுத்தியது. தண்ணீர் குடித்து நிமிர்ந்தார். "அத வுடு. பாப்பா எப்பிடி இருக்குது? வர்ற ஏப்ரல் பதினேழோட பத்து வயசு முடியுது இல்ல?"

தேதி மறக்காத மனிதர். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மனைவி பவானிக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்காதபோது, விடியற்காலை பஸ் பிடித்து வந்து ரத்தம் கொடுக்கக் கை நீட்டியவர் இவர்தான். கொடுத்த ஜூஸைக்கூட அங்கே நின்றிருந்த வேறொரு குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"நல்லா இருக்கா மாமா" என்றான் அறிவழகன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை அலுவலகத்தில் யாரும் இல்லை. திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த வள்ளலார் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான். டிக் அடித்தவை ஒவ்வொன்றாக ஏறின. மாலை நான்கு மணிக்கு, டிக் அடிக்காத டேப்பைக் கையில் எடுத்தான். உள்ளே போகும்போது இரும்புக் கை சிக்கியது. ஸ்கேலால் மெல்ல நெம்பினான். முதல் முறை பிழை காட்டியது. சுத்தம் செய்யும் டேப்பை ஓடவிட்டு மறுபடியும் போட்டான். பழைய பெட்டி ஒரு முறை முனகிவிட்டுப் படிக்கத் தொடங்கியது.

எல்லாம் ஏறி முடிந்ததும், கோர்ட்டுக்குப் போகும் பதிலோடு இணைக்க வேண்டிய பட்டியலைத் திறந்தான். கேட் வருகைப்பதிவு வரிக்கு நேரே 'படிக்க இயலும்' என்று தட்டி, கீழே தயாரித்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதி, ஆலைக்காக வழக்குப் பார்க்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் சிலம்பரசனுக்கும் அனுப்பினான்.

நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மாதத்தைத் திறந்தான். ஏப்ரல் 2015. ராமாமிர்தம் பெயருக்கு நேரே நாள் தவறாமல் காலை ஆறு மணி, ஆறு மணி என்று வரிசையாக ஓடியது. ஒரே ஒரு கட்டத்தில் நேரம் இல்லை. பதினேழாம் தேதி.

வரவில்லை, சம்பளப் பிடித்தம், ஒரு நாள்.