தேவிகாபுரம் பஸ்ஸில் லேஸ் பின்னுகிறவள்

1

இந்தக் கதை எனக்கு ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் பஸ்ஸில் கிடைத்தது. எனக்கு முன் சீட்டில், ஜன்னல் ஓரம், ஒரு பெண் வெள்ளை நூலில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். கையில் குரோஷா ஊசி, மடியில் துணிப்பை, பைக்குள் நூல் உருண்டை. வேகத்தடை வந்தால் ஊசியை நிறுத்தினாள். பஸ் ஏறி இறங்கியதும் தொடர்ந்தாள். நான் அவளிடம் பேசவில்லை. பேசியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அன்று வேறொன்றும் பார்த்தேன். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை.

"தறிச் சத்தம் ஓயாத ஊரில் ஒருத்தி மட்டும் தறியே இல்லாமல்—"

வேண்டாம். ஆரணிக்கு ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறவர்கள் இப்படி எழுதுவார்கள்.

"ஹேமலதாவுக்கு லேஸ் என்பது—"

'என்பது' என்று தொடங்கினால் கட்டுரையாகிவிடும். ஹேமலதா என்ற பெயரும் அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார மறுத்தது.

அகல்யா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

இது நிற்கிறது. இங்கிருந்து போகலாம்.

தேவிகாபுரத்தில் அவளுக்கு வேலை. அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். காலையில் போகும் பஸ், மாலையில் திரும்பும் பஸ். லேஸுக்கு இந்த இரண்டு நேரம்தான். வீட்டில் ஊசியை எடுத்தால் யாராவது கூப்பிடுவார்கள். வேலையிடத்தில் ஜன்னலுக்குள் மருந்துச் சீட்டோடு கை நீளும். பஸ்ஸில் கண்டக்டர் துரைக்கண்ணு மட்டும்தான். டிக்கெட் கொடுத்ததும் அவரும் போய்விடுவார். சில நாள் நின்று பேசுவார்.

"இன்னாத்துக்கும்மா இது? ஜன்னலுக்கா, டிவி மேல போடவா?"

"தெரியலண்ணா. பின்னிகினு இருக்கேன்."

"வளந்தா தெரியும்னு சொல்லு. என் பையனப் பத்தி நானும் அப்டித்தான் சொல்லிகினு கீறேன்."*

* லேஸ் எதற்கு என்று எனக்கும் தெரியாது. காரணம் இல்லாமல் வாசகர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நண்பர் சொன்னார். நாத்தனார் கல்யாணம், பிறக்கப்போகும் குழந்தை என்று வைத்துப் பார்த்தேன். எந்தக் காரணத்தை வைத்தாலும் லேஸ் வேலையாகிவிட்டது. அகல்யாவின் நாளில் வேலையாகாமல் இருப்பது இது ஒன்றுதான். அதை நானே பிடுங்கக் கூடாது.

3

அவள் கணவன் வெற்றிச்செல்வன். இவனிடம் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் லேஸைக் கேலி செய்தான், குரலை உயர்த்தினான். அப்படி எழுதுவது சுலபம். அடித்துவிட்டேன். அடுத்த பிரதியில் நல்லவனானான். கதை அதற்குப் பிறகுதான் நகர்ந்தது.

பட்டு வியாபாரி ஒருவரிடம் புடவை சரிபார்க்கும் வேலை. தறியிலிருந்து இறங்கிய புடவையை வெளிச்சத்தில் விரித்து, அறுந்த இழை, கறை, தொங்கும் பிசிறு பார்ப்பான். பிசிறைக் கண்டால் கை தானாகப் போகும். ஒரு கல்யாணப் பந்தியில் முன்பின் தெரியாத அம்மாளின் முந்தானைப் பிசிறை இழுத்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து வந்திருக்கிறான்.

அன்று மாலை அகல்யா வேலையிலிருந்து வந்து குளிக்கப் போனாள். டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கலாம் என்று அவன் அவள் பையைத் திறந்தான். காதில் போன். தறிக்காரர் ஒருவர் ஜரிகை சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். பையின் அடியில் குரோஷா ஊசி கழன்று கிடந்தது. லேஸின் ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது.

இழுத்தான்.

நெய்த துணியில் பிசிறு அறுந்து கையோடு வந்துவிடும். இது அறாமல் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வருகிற நூலைத் தரையில் விட அவன் கைக்குத் தெரியாது. பேசிக்கொண்டே உருண்டையில் சுற்றினான். ஆடியில் தொடங்கிய லேஸ் கார்த்திகைக்கு வந்திருந்தது. ஜரிகைப் பேச்சு முடிந்தபோது மறுபடி ஆடியில் இருந்தது.

அகல்யா தலையைத் துவட்டியபடி வந்தாள்.

"இன்னாங்க பண்றீங்க?"

"பிசிறு தொங்கினு இருந்திச்சு." உருண்டையைத் தூக்கிக் காட்டினான். "சிக்கில்லாம சுத்திட்டேன் பாரு."

அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, பைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு மிஞ்சிக் கிடந்ததை.

(இங்கே அவள் அழ வேண்டுமா என்று யோசித்தேன். அவள் உருண்டையை வாங்கி, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். "நல்லா தான் சுத்திகீறீங்க" என்றாள். அழுதிருந்தால் அவன் தூங்கியிருப்பான்.)

4

[இந்தப் பகுதியில் அகல்யா லேஸ் கற்றுக்கொண்ட கதை இருந்தது. எடுத்துவிட்டேன். யாரோ கற்றுக்கொடுத்தார்கள். போதும்.]

5

தை பிறந்ததும் வெற்றிச்செல்வன் அவளுக்கு ஸ்கூட்டர் வாங்கினான். டேங்கை நிரப்பி, சாவியை அவள் கையில் வைத்தான்.

"பஸ்ஸுக்கு நின்னு, பஸ்ஸுல ஒக்காந்து, உனக்கு பேஜாரு. இதுல போனா ஜல்தியா வந்துடலாம். வூட்ல நிம்மதியா ஒக்காந்து பின்னு. நான் பிரிச்சது எனக்கு உறுத்திகினே இருக்குது, அகலு."

மாமியார் ரேணுகாம்பாள் கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டினாள். "உங்க மாமனாரு எனக்கு ஒரு சைக்கிள் பெல்லு கூட வாங்கிக் குட்த்ததில்ல" என்றாள்.

அகல்யாவுக்கு ஓட்டத் தெரியும். அந்தச் சாக்கும் இல்லை.

ஸ்கூட்டரில் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும். மிச்சமாகும் நேரம் வீட்டுக்கு வந்து சேரும். வீட்டுக்கு வந்த நேரத்தை வீடு எடுத்துக்கொள்ளும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அவளுக்காக எழுதிப் பார்த்தேன்.

"எனக்கு பஸ்ஸே போதுங்க, ஏன்னா—"

"தப்பா எடுத்துக்காதீங்க, வூட்ல ஒக்காந்தா—"

"வூட்ட விட பஸ்ஸு—"

மூன்றும் பாதியில் நின்றன. ஆசையாக வாங்கிக் கொடுத்தவனிடம் மூன்றாவது வாக்கியத்தை முடிக்க யாரால் முடியும்? அவள் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

6

அன்று பார்த்த இன்னொன்றைச் சொல்லும் இடம் இதுதான். ஆரணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு புது ஸ்கூட்டர் நின்றது. சீட்டின் பாலித்தீன் உறை கிழிக்கப்படவில்லை. கண்ணாடியில் காய்ந்த எலுமிச்சம்பழம். அதற்கும் முன் சீட்டுப் பெண்ணுக்கும் சம்பந்தம் உண்டா, தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பின்னியது நான்.

ஆகவே அகல்யா காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினாள். ரேணுகாம்பாள் தெருமுனை வரை பார்த்து நின்றாள். அகல்யா முனை திரும்பி, பஸ் நிலையம் வரை ஓட்டி, வண்டியை நிறுத்தினாள். டோக்கனைப் பர்ஸில் போட்டுக்கொண்டு தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறினாள்.

"இன்னாம்மா, வண்டி வாங்கிட்டியாமே?" என்றார் துரைக்கண்ணு.

"வாங்கிட்டேண்ணா."

"அப்ப இது?"

"இது பஸ்ஸு."

அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

மாலையில் வீட்டுக்கு வழக்கமான நேரத்துக்கே வந்தாள்.

"வண்டி இருந்தும் இவ்ளோ நேரமா?" என்று கேட்டான் வெற்றிச்செல்வன்.

"புது வண்டிங்க. மெதுவா ஓட்டிகினு வரேன்."

7

முடிவு என்னிடம் இரண்டு இருந்தன.

இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை. பெட்ரோல் போட்டுக்கொண்டு வரலாம் என்று அவன் வண்டியை எடுக்கிறான். முள் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. ஓடிய தூரத்தைப் பார்க்கிறான். வீட்டில் அவள் ஊசி எடுத்து அவன் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் பையில் லேஸ் பழைய ஆவணி அளவைத் தாண்டிவிட்டது. குற்றம் கண்டுபிடிப்பது அவன் வேலை. அவனுக்குப் புரிய நேரமாகவில்லை.

முதல் முடிவில் கேட்கிறான். பாதியில் நின்ற வாக்கியங்களை அகல்யா முடிக்கிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் பேச்சு வரவில்லை. எனக்கும்.

இரண்டாவதில், ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சேத்துப்பட்டு வரை போய்த் திரும்புகிறான். அவள் தினமும் தேவிகாபுரம் வரை ஓட்டியதுபோல முள் இறங்கிய பிறகு வண்டியை அதே இடத்தில் நிறுத்துகிறான். நண்பருக்கு இது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. அதனால் நம்பவில்லை.

இரண்டையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது இதுதான்: வெற்றிச்செல்வன் சாவியோடு வாசலில் நிற்கிறான். முள்ளைப் பார்த்தாயிற்று. உள்ளே அகல்யா அரிசி களைகிறாள்.

"பெட்ரோல் போடப் போலயா? இன்னாங்க பாத்துகினு நிக்கிறீங்க?"

ஒரு நூல் தொங்குகிறது. இழுத்தால் எதுவரை பிரியும் என்று இந்த முறை அவனுக்குத் தெரியும். கை அவனுடையது, பழக்கம் பழையது.

அவன் பதிலை நான் எழுதப் போவதில்லை. அரிசி களையும் சத்தம் நின்றுவிட்டது. அவள் காத்திருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.