நாற்பத்திமூன்றாவது பசாசு

டோரினுக்கு ஒரு பசாசு தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமைக்குள்.

வெள்ளவத்தையில் கணினி விளையாட்டுகள் செய்யும் கம்பனி ஒன்றில் ஓவியர் இடம் காலியாக இருந்தது. இலங்கை முழுவதற்கும் அந்த ஒரு இடம்தான் என்றாலும் பிழையில்லை. கேம் ஆர்ட் படிக்கிறேன் என்று இரண்டு வருடம் கம்ப்யூட்டருக்கு முன்னால் தவமிருந்தவள் அவள். இது கைகூடாவிட்டால், சிறில் மாமா துறைமுகத்தில் பேசிவைத்திருக்கும் கிளாக் வேலைக்குப் போவதாகத் தாய் மேபலுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பைபிளில் கைவைத்து.

விளையாட்டின் கடைசிக் கட்டத்தில் நிற்கிற பசாசு, பார்க்கிறவனை நடுங்க வைக்க வேண்டும். அதுதான் பரீட்சை. அவள் கொண்டுபோன முதற் பசாசைக் கம்பனி முதலாளி யோகநாதன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இதை ஆரோ மிதிச்சுப்போட்டுப் போன மாதிரியெல்லோ கிடக்கு?"

"நான் பாத்த பசாசெல்லாம் அப்பிடித்தான் சேர்."

பொய்யில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்தவள் பசாசை வேறெங்கே பார்ப்பாள்? கோயிலில், தேவதூதர் மிக்கேல் சம்மனசின் காலடியில், தொண்டையில் ஈட்டியும் மேலே செருகிய கண்ணுமாய்க் கிடக்கும்.

"இதை ஒருத்தனும் சுட மாட்டான். சோடா வாங்கிக் குடுப்பான். வெள்ளிக்கிழமை வேற ஒண்டு கொண்டு வாரும்."

வியாழன் விடியுமுன், முதலாவதோடு சேர்த்து நாற்பத்திரண்டு பசாசு செய்துவிட்டாள். கொம்பைக் கூரை வரை வளர்த்தாள். பல்லைத் தென்னங்கீற்றளவு நீட்டினாள். நாற்பத்திரண்டும் மன்னிப்புக் கேட்டன. தேத்தண்ணியோடு வந்த மேபல் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ பாவம். சாப்பிட்டுச்சா மகள்?"

அன்று அவள் வகுப்புக்குப் போன பஸ்ஸை ஆமி செக்பொயிண்டில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். யுத்தகாலக் கொழும்பில் இது தினமும் நடப்பதுதான். அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி, அட்டையிலிருந்த டோரினுக்கே வயது ஏறிவிட்டிருந்தது. ஆனால் அன்றுதான் அவள் வரிசையைப் பார்த்தாள். புறக்கோட்டையிலிருந்து கொண்டக்டரின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு வந்த மனிதர் பூனைக்குட்டி மாதிரி நின்றார். முன்னால் நின்ற ஆமிக்காரனுக்குக் கொம்பில்லை, கோரைப்பல்லில்லை. முகப்பரு இருந்தது. அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்ப அட்டையைப் பார்த்தான். பிறகு டோரின் தன்னையே பார்ப்பதைப் பார்த்தான்.

"மொகத பலன்னே?"

என்ன பார்க்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டால் என்ன சொல்வது? "நிக்கங், மாத்தியா" என்றாள். சும்மா.

வகுப்பை விட்டுவிட்டு எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறி, அதே இடத்தில் இறங்கி, திரும்பவும் அட்டையைக் காட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கொம்பை அறுத்தாள். பல்லைப் பிடுங்கினாள். முகத்தைச் சுவர் மாதிரி வெறுமையாக்கினாள். ஒரு கையை மட்டும் நீட்ட வைத்தாள்.

வெள்ளிக்கிழமை யோகநாதன் திரையைப் பார்த்தார். பசாசு அவரைப் பார்த்தது. மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியது.

அவருடைய வலதுகை தன்பாட்டில் சேட் பொக்கெற்றுக்குள் போயிற்று. அடையாள அட்டையை எடுத்தது. கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் சேர்த்து எடுத்துத் திரைக்கு முன்னால் நீட்டியது.

சிரிப்பு வராமல் டோரின் உதட்டைக் கடித்தாள். வாய்விட்டால் வேலை போய்விடும்.

யோகநாதன் தன் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வாரும்."

அட்டையை அவர் திரும்பப் பொக்கெற்றுக்குள் வைக்கவில்லை. எப்படியும் வீட்டுக்குப் போகிற நேரம்தான்; வழியில் காட்டத்தான் வேண்டும்.