மண் இறங்கும்வரை

கல்லறைக்குக் கல் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் பேசுவது அவள்தான். கல்லை அறுப்பதும் எழுத்து வெட்டுவதும் அவள் கணவர் வேலை. அந்த மனுஷனுக்கு வாயே கிடையாது. கல்லோடு பழகிப் பழகி அவரும் கல்லாகிவிட்டார் என்று அவளே கேலி செய்வாள். "நாளைக்கே நட்டுடணும்" என்று துடிக்கிறவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "மண்ணு இறங்கணுங்க. ஒரு மழைக்காலமாவது போகட்டும். அதுக்கு முன்னாடி நட்டா கல்லு சாஞ்சிடும். எல்லாத்துக்கும் ஆண்டவர் ஒரு வேளை வச்சிருக்காரு" என்பாள். தேன் தடவினாற்போல் வரும் அந்தப் பேச்சு. ஊருக்குத்தானே உபதேசம்!

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தான் அவளுடைய ஒரே மகன். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கணவர் அவனுக்கும் ஒரு கல் வெட்டி, மெருகேற்றி, பின்கட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார். துணி காயப்போடப் போனாலும் பாத்திரம் கழுவப் போனாலும் மகன் பெயர் அவள் முகத்தில் அடித்தது. பெயர் இங்கே, பிள்ளை அங்கே. அவன் தலைமாட்டில் அநாதைப் பிணத்துக்கு நடுவதுபோல் ஒரு மரச்சட்டம்.

அவளுக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய அறையையே திரும்பக் கூட்டினாள். அடுப்பில் பால் பொங்கி வழிய, வாசலில் போய் நின்றாள். ஆராதனையில் பாதிப் பாட்டிலேயே எழுந்து வெளியே வந்துவிடுவாள். பின்னாலேயே ஓடிவந்த சபைப் பெண் ஒருத்தி, "கர்த்தரோட வேளை நமக்குப் புரியாதுக்கா" என்றாள்.

"புரியாதுன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு எனக்கு வந்து சொல்றே?"

அந்தப் பெண் திரும்பி உள்ளே போய்விட்டாள். பாவம், அவள் சொன்னது இவளே ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தைதான்.

வீட்டிலும் இதே சண்டை. "எப்பங்க நடுவீங்க?" என்று கேட்பாள். "மண்ணு இறங்கட்டும்" என்பார். "அவன் உங்க பிள்ளையா, இல்ல கடைக்கு வந்த ஆளா?" என்று ஒருநாள் கத்தியேவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மெஷினைப் போட்டார். கல் அறுபடும் சத்தத்தில் அவள் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கல்லறைக்குப் போனாள். அதே மாதம் புதைத்த மற்றக் குழிகளெல்லாம் நடுவில் உள்வாங்கிக் கிடந்தன. மகனுடைய மண் மட்டும் பலகைபோல் சமமாக இருந்தது. தொழில் தெரிந்த கண்ணால் பார்த்தாள். குதிகாலால் அழுத்தியும் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. மேடு இறங்கி முடிந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். இந்த ஒரு விஷயத்திலாவது ஆண்டவர் தனக்காகச் சீக்கிரம் இரங்கினாரே என்று நினைத்தாள்.

அந்த வாரமே வெளியூரில் ஒரு குடும்பக் கல்லறை கட்டக் கணவர் கிளம்பிப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் தம்பிக்குப் போன் போட்டாள். எதைச் சொன்னாலும் ஆகட்டும் என்று தலையாட்டுவதால் தம்பிக்கு 'ஆகட்டும்' என்றே பெயர். பாரம் தூக்கும் வண்டி வைத்திருப்பவன். அவனே அன்றைக்குக் கொஞ்சம் தயங்கினான்.

"அத்தான்கிட்டக் கேட்டியாக்கா?"

"கேட்டாச்சு."

ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்துகிறவள், கண் இமைக்காமல் சொன்னாள். "அப்ப ஆகட்டும்" என்றான் தம்பி. கல் நின்றது. நெடுநாளைக்குப் பிறகு அவள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

மறுநாள் பிடித்த மழை மூன்று நாள் விடவே இல்லை. கொஞ்சம் வெறித்ததும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள்போல் கல்லறைக்கு ஓடினாள். கல் முன்பக்கமாகச் சாய்ந்து நின்றது. மண் குழிந்து தண்ணீர் தேங்கியிருந்தது. தோளைக் கொடுத்து நிமிர்த்தப் பார்த்தாள், அசையவில்லை. மண் ஏன் இறங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும். கீழே சவப்பெட்டி உளுத்து விட்டுக்கொடுக்கிறது. இத்தனை வருஷமும் இதைத்தான் 'மண்ணு இறங்கணுங்க' என்று எத்தனையோ தாய்மாருக்கு வாய் வலிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது. பயணப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே, தள்ளுவண்டி நிறைய மண்ணோடு கணவர் வந்துகொண்டிருந்தார். கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"திட்டுங்க" என்றாள்.

அவர் தள்ளுவண்டியை இறக்கி வைத்தார்.

"இறங்கி முடிஞ்சிருச்சுன்னு பார்த்துத்தாங்க நட்டேன். சமமாத்தானே இருந்துச்சு?"

"நான்தான் சமமா வச்சிருந்தேன்" என்றார். "தினமும் காலையில வந்து மண்ணு போட்டுக் குத்திவிடுவேன். குழியை நீ பார்த்தா தாங்க மாட்டே. என்னாலயும் பார்க்க முடியல."

சர்க்கரை வியாதிக்கு நடப்பது நல்லது என்று அவளிடம் சொல்லிவிட்டு தினமும் விடியற்காலையில் கிளம்பின மனுஷன்! கல்லென்று அவள் கேலி செய்த மனுஷன்! அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார். மகன் போனதிலிருந்து இருவரும் ஒன்றாக அழுதது அன்றைக்குத்தான்.

பிறகு அவர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்து, கல்லை மெல்லச் சாய்த்துப் புல்லில் கிடத்தினார்கள். அவர் மண்வெட்டியை எடுத்தார். அவள் சேற்றிலேயே முழங்காலிட்டாள். அடக்கத்துக்குப் பிறகு அவள் ஜெபமே செய்திருக்கவில்லை.

"ஆண்டவரே, உம்மோட வேளை எனக்குப் புடிக்கல. ஏன் இவ்வளவு சீக்கிரம்னு சாகுறவரைக்கும் கேப்பேன். என் அவசரமும் இங்க செல்லல. மண்ணு உம்ம கையில. மெதுவா இறக்கும், என் பிள்ளை கீழ இருக்கான்."

ஆமென் சொல்ல நா எழவில்லை. எழுந்து, கணவர் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் கிளம்பும்போது என்னையும் எழுப்புங்க" என்றாள்.