குவாபாராவின் சிவப்பு கிட்டார்கள்

குவாபாராவுக்குக் கிட்டார் வாசிக்க வராது. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. ஆனால் எழுபதுகளில் ஜப்பானின் மட்சுமோட்டோ ஊர்ப் பட்டறைகளில் செய்த மின்சார கிட்டார் என்று காதில் விழுந்தால் மனிதர் சோறு தண்ணி மறந்துவிடுவார். அதிலும் கழுத்து ஒரு மரம், அதன்மேல் விரல் ஓடும் பலகை வேறொரு மரம் என்று ஏடாகூடமாக ஜோடி சேர்ந்திருக்க வேண்டும். ஊரே வெளிர் மேப்பிள் கழுத்தில் கரிய ஈட்டிமரப் பலகையை ஒட்டிய காலத்தில், எவனோ ஒரு புண்ணியவான் ஈட்டிக் கழுத்தில் மேப்பிள் பலகையைத் தலைகீழாக ஒட்டியிருந்தான். அந்தத் தலைகீழ்தான் குவாபாராவின் உயிர்.

கல்யாணமான புதிதிலேயே மனைவி சுமியெ சொல்லிவிட்டாள்: "வீட்டுல ஒரு கிட்டார் இருக்கலாம். ரெண்டாவது வந்துச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

குவாபாரா லேசுப்பட்டவரா? சிவப்பு கிட்டாராகப் பார்த்து வாங்கினார். அந்தத் தலைகீழையும் சேர்த்து ஐந்து வந்துவிட்டன, ஐந்தும் ஒரே சிவப்பு. ஒன்று கூடத்தில் நிற்கும், மற்றவை அலமாரியில் குளிர்கால மெத்தைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அவ்வப்போது மாற்றி வைப்பார். வாராவாரம் தூசு துடைக்கிற சுமியெ ஒருநாளும் ஒரு கேள்வி கேட்டதில்லை. "அவ கலரைத்தான்யா பாப்பா, கழுத்தையா பாப்பா!" என்று நண்பர் நீமுராவிடம் பீற்றிக்கொள்வார்.

அந்த நீமுராவிடம் வால்நட் கழுத்தில் கருங்காலிப் பலகை வைத்த ஒன்று இருந்தது. அதுவும் சிவப்பு! வருஷக்கணக்காகக் கெஞ்சியதில் ஒருவழியாக நீமுரா இறங்கி வந்தார்.

"உன் தலைகீழைக் குடு, இதை எடுத்துக்க. வேற பேச்சே கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை சுமியெ கடைக்குப் போன நேரம் பார்த்து நீமுரா வந்தார். தேநீரும் ஊறுகாயும் ஒரு பக்கம் இருக்க, பாய்மேல் இரண்டு பெட்டிகளும் திறந்து கிடந்தன. குவாபாரா கருங்காலிப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்தா வாசல் கதவு நகர வேண்டும்?

"ரெண்டாவது நீமுராவோடது!" என்று குவாபாரா அலறினார்.

கையில் கீரைக்கட்டோடு நின்ற சுமியெ குனிந்து பார்த்தாள். "அது தெரியுது. என்னுது எதுக்குங்க பெட்டிக்குள்ள இருக்கு?"

"உன்னுதா?"

"மெத்தைக்குப் பின்னாடி நாலு இருக்கே, அதுல ஒண்ணைக் குடுங்க. இது வேண்டாம்."

நீமுராவுக்குத் தேநீர் புரையேறியது. குவாபாரா அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"துடைக்கிறவளுக்குக் கழுத்து தெரியாதா? ஒண்ணு தடி, ஒண்ணு சொரசொர. கணக்குப்படி நான் நாலு தடவை எங்கம்மா வீட்டுக்குப் போயிருக்கணும். போயிருந்தா இது என் கைக்கு வந்திருக்குமா? இது ஒண்ணுதாங்க என் பிடிக்கு அடங்குது."

கீரையை நீமுராவிடம் கொடுத்துவிட்டு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் குவாபாரா பழைய கடைகளில் வேட்டையாடப் போன பொழுதெல்லாம் அவள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. சின்னக் கை அந்த ஈட்டிக் கழுத்தைச் சுற்றி வளைந்து, சிரமமே இல்லாமல் மேலும் கீழும் போய்வந்தது. மின்சாரம் இணைக்காததால் சத்தம் மெலிசுதான். ஆனாலும் பாட்டு தெளிவாக வந்தது, நடுவில் ஒரு பிசகு, ஒரு சிரிப்பு, மறுபடி பாட்டு. குவாபாரா அந்தக் கழுத்தை அளந்திருக்கிறார், எண்ணெய் பூசியிருக்கிறார், நூறு கோணத்தில் படம் எடுத்திருக்கிறார். அதன் குரலை மட்டும் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

"பாட்டெல்லாம் சரிய்யா," என்றார் நீமுரா, கீரையை அணைத்தபடி. "மாத்திக்கிறோமா, இல்லையா? இன்னிக்கு விட்டா நான் மறுபடி வர மாட்டேன்."

கருங்காலிப் பலகை வெயிலில் பளபளத்தது. குவாபாராவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒருமுறை, கடைசியாக ஒரேயொரு முறை, அதைத் தடவிப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடி நண்பர் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போப்பா. என்னுதா இருந்தா குடுத்திருப்பேன்."